அம்மாவுக்கு ஒரு கல்வெட்டு: 31ஆம் நாளுக்குள் நினைவு மலர் தொகுப்போருக்கு

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மறைந்து 31ஆம் நாளில் துக்ககாலத்தை நிறைவுசெய்யும் அந்தியேட்டிக் கிரியையும் வீட்டுக்கிருத்தியமும் நடைபெறும்போது, மதிய போசனத்துக்கு வந்தவர்களின் கையில் ஒரு சிறு நூலைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. மூத்தவர்கள் அதைக் கல்வெட்டு என்பார்கள். இன்று பெரும்பாலும் நினைவு மலர் என்ற பெயரே அட்டையில் அச்சாகிறது. தாயை இழந்த வீட்டில் அந்த நூலைத் தொகுக்கும் பொறுப்பு, அதற்கு முன் ஒரு பக்கத்தைக்கூட அச்சுக்குக் கொடுத்திராத ஒரு மகனிடமோ மகளிடமோ மூத்த பேரப்பிள்ளையிடமோ திடீரென்று வந்து சேர்கிறது. என் தாயாரின் மலரை நான் அப்படித்தான் தொகுத்தேன். அதன் பின்னர் உறவினர்களும் அயலவர்களும் கேட்டபோது மேலும் சில மலர்களுக்கு உதவியிருக்கிறேன். முதன்முறையாக இந்த வேலையைக் கையில் எடுப்பவர்களுக்காக, குறிப்பாகப் பிறருக்கு உதவுவதையே தம் நாளாந்த வேலையாகக் கொண்டிருந்த ஒரு தாயை, பேர்த்தியை பார்த்து வளர்த்த ஒரு அம்மம்மாவை நினைவுகூர விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அத்தகைய தாயின் மலர் மற்றவற்றைவிடக் கடினமானது. ஆசிரியராகவோ அலுவலராகவோ இருந்தவர் நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதம், பிரியாவிடைப் படம் என்று தம் வாழ்வின் தடயங்களை ஒரு கோவையில் விட்டுச் செல்கிறார். வீட்டோடு இருந்துகொண்டு ஊருக்கு உதவிய பெண்ணுக்கு அப்படி ஒரு கோவை கிடையாது. தாம் செய்ததை அவர் பெற்ற பிள்ளைகளிடமே சொல்லியிருக்கமாட்டார். அவருடைய வாழ்க்கை வரலாற்றின் பெரும்பகுதி அயல்வீட்டுக் குசினிகளிலும் கிணற்றடிகளிலும் இருக்கிறது. ஆகவே வீட்டுக்குள் இருந்தபடி, பிள்ளைகளின் ஞாபகத்தை மட்டும் நம்பி எழுதத் தொடங்கவேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள்.

முதல் எட்டு நாள்

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் யாரும் கேட்காமலே பேசுவார்கள். முற்றத்துக் கதிரையில் அமர்ந்து, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். எட்டாம் நாளுக்குப் பிறகு இந்த வரத்து நின்றுவிடும். எனவே முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பியை எடுத்து, துயரத்தில் ஓரளவு நிதானமாக இருக்கக்கூடிய ஒருவரிடம், மருமகளோ பெறாமகனோ (உடன்பிறந்தாரின் மகன்) யாராக இருந்தாலும் சரி, ஒப்படைத்துவிடுங்கள். யார் சொன்னார், என்ன சொன்னார் என்பதை அவர் சொன்ன சொற்களிலேயே அன்றிரவே எழுதி வைக்கவேண்டும். இரண்டு நாள் கழித்து எழுதினால் சொன்னவருடைய சொல் போய்விடும், உங்களுடைய சொல்தான் எஞ்சும்.

நீங்களாகக் கேட்கும்போது கேள்வியில் கவனம் வேண்டும். "அம்மா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "நல்ல மனுசி, அப்பிடி ஒரு ஆளைக் காணேலாது" என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது. அதைச் சொல்பவர் மனதாரத்தான் சொல்கிறார், ஆனால் அதைக் கொண்டு ஒரு பந்திகூட எழுத முடியாது. அதற்குப் பதிலாக, "அவ கடைசியா எப்ப உங்கட வீட்டுக்கு வந்தவ? வரேக்க கையில என்ன கொண்டு வந்தவ?" என்று கேட்டுப் பாருங்கள். பொருளைக் கேட்டால் கதை தானாக வரும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என் தாயார் நாள் தவறாமல் விடியற்காலையில் பிள்ளையார் கோயிலுக்குப் போவார். சில காலங்களில் கோயிலால் திரும்பி வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய் மறுபடியும் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் காலடி வைப்பார். கோயிலுக்குப் போய்வந்தவர் ஏன் மீண்டும் முழுகவேண்டும் என்று நாங்கள் எவரும் கேட்டதில்லை. அவர் மறைந்து ஐந்தாம் நாள் வந்த ஒரு பெண், "என்ர மூண்டு பிள்ளையளையும் கோயிலால வரேக்க வந்து குளிப்பாட்டித் தந்தவ, எனக்கு அப்ப அம்மா இல்லை" என்றார். பிள்ளை பெற்ற வீட்டுத் துடக்கு, அதாவது தீட்டு, 31 நாள். அந்த வீட்டில் பிள்ளைக்கு எண்ணெய் பூசிக் குளிக்க வார்த்து, தாய்க்குச் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, துடக்குக் கழிய முழுகிவிட்டு வீட்டுக்கு வந்து எங்களுக்குப் பிட்டு அவித்திருக்கிறார். ஐம்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்த எங்களுக்குத் தெரியாத ஒன்றை அந்தக் கொப்பிதான் எங்களுக்குத் தந்தது.

பெயர்களும் வம்சாவளியும்

இந்தப் பகுதி எளிது என்று நினைப்பவர்களே மிகுதியான பிழைகளைச் செய்கிறார்கள். மரண அறிவித்தலுக்காகப் பத்திரிகைக்குக் கொடுத்த விபரத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது அவசரத்தில் எழுதப்பட்டது என்பதை மறக்கவேண்டாம். உடன்பிறந்தோர், மைத்துனர், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள், சம்பந்திகள் எனக் கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கிளைக்கும் அந்தக் குடும்பத்தில் ஒருவரைப் பொறுப்பாக்கி, பெயரின் எழுத்துக்கூட்டலை அவரிடமே உறுதிப்படுத்தவேண்டும். உதவும் குணமுள்ள தாய்க்குப் பெறாமக்கள் பலர் இருப்பார்கள். இரத்த உறவு இல்லாவிட்டாலும் அவர் கையால் உண்டு வளர்ந்த ஒரு பிள்ளை இருந்தால், "வளர்ப்பு மகள்" என்று அவரையும் வம்சாவளியில் சேர்ப்பதைப் பற்றி உடன்பிறந்தோருடன் வெளிப்படையாகப் பேசி முடிவெடுங்கள். அச்சான பிறகு அந்தப் பேச்சை எடுப்பது மிகவும் துன்பமானது.

இன்னுமொன்று. எங்கள் மண்ணில் பல தாய்மார், போர்க்காலத்தில் காணாமற்போன ஒரு பிள்ளைக்காகக் கடைசிவரை காத்திருந்து கண்மூடியவர்கள். அந்தப் பிள்ளையின் பெயருக்கு முன் "அமரர்" என்று போடுவதா என்பதை அச்சகத்தில் தட்டச்சு செய்பவரோ மலரைத் தொகுப்பவரோ தீர்மானிக்கக்கூடாது. அந்தத் தாய் தம் வாழ்நாளில் எப்படிச் சொன்னாரோ, எந்தச் சொல்லை மறுத்தாரோ, அதன்படியே பெயரை இடுங்கள். பெயரை மட்டும், எந்த அடையும் இல்லாமல், மற்றப் பிள்ளைகளின் வரிசையில் அதற்குரிய இடத்தில் வைப்பதே நான் கண்டவற்றுள் நல்ல வழி.

திதி

பிறந்த திகதி, மறைந்த திகதி ஆகியவற்றோடு தமிழ் ஆண்டு, மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா (வளர்பிறையா தேய்பிறையா) என்பது, திதி ஆகிய நான்கையும் கிரியை செய்யும் குருக்களிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் இடையே திதி முடியும் நேரம் வேறுபடலாம் என்பதால், உங்கள் குடும்பம் எதைப் பின்பற்றுகிறதோ அதிலேயே நிற்கவேண்டும். இனிவரும் ஆண்டுகளில் திவசத்துக்கு நாள் பார்ப்பவர்கள் இந்த மலரைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். மறைந்த திதியைப் பாட்டில் பதியும் திதி வெண்பாவை மரபுக் கவிதை தெரிந்த ஒரு தமிழாசிரியரிடம் கேட்டுப் பெறுவது நல்லது. முதல் மூன்று அடிகளில் நந்நான்கு சீரும் ஈற்றடியில் மூன்று சீரும் வந்து, நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடியவேண்டிய அந்தச் சிறிய பாட்டுக்குள் ஆண்டும் மாதமும் பக்கமும் திதியும் பெயரும் அடங்கவேண்டும் என்பதால், பதிவுப் பெயரோடு ஊரில் அழைத்த பெயரையும் அவருக்குக் கொடுத்துவிடுங்கள். எது வெண்பாவின் தளைக்கு (சீர்கள் இணையும் ஒழுங்குக்கு) பொருந்துகிறதோ அதை அவர் எடுத்துக்கொள்வார். கத்தோலிக்க, கிறிஸ்தவக் குடும்பங்களில், திருமுறைப் பாடல்கள் ஐந்தான பஞ்சபுராணமும் திதி வெண்பாவும் வரும் இடத்தில் அவர்களுக்குரிய செபங்களும் வேத வசனங்களும் வரும். மற்றவை எல்லாம் ஒன்றே.

வாழ்க்கை வரலாற்றை எழுதுதல்

கொப்பியில் சேர்ந்தவற்றை வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கும்போது, "அன்பின் உறைவிடம்", "பண்பின் சிகரம்", "ஈகையின் இலக்கணம்" ஆகிய தொடர்கள் தாமாகவே பேனாவில் வந்து நிற்கும். அவற்றுள் பொய் எதுவும் இல்லை. ஆயினும் அந்தப் பந்தியில் உங்கள் தாயின் பெயரை எடுத்துவிட்டு வேறொருவரின் பெயரை இட்டுப் பாருங்கள்; ஒரு சொல்லும் மாறாமல் பொருந்துமானால் அந்தப் பந்தி உங்கள் தாயைப் பற்றியது அல்ல. அடைமொழியை நீக்கிவிட்டு, அவர் செய்த ஒரு செயலை, அதன் இடத்தோடும் காலத்தோடும் பாத்திரத்தோடும் எழுதுங்கள். வேலியில் கதியால் இரண்டுக்கு நடுவே இருந்த பொட்டு (இடைவெளி), அதன் வழியாகக் கைமாறிய பொருள், இடுப்பில் செருகியிருந்த பனையோலைக் கொட்டப்பெட்டி, அதற்குள் பாக்குச் சீவலோடு மடித்து வைத்திருந்த நோட்டு, வெய்யிலில் வந்த தபாற்காரருக்குத் தண்ணீர் கொடுத்த மூக்குப்பேணி என்பன ஒவ்வொன்றும் ஒரு பக்கப் புகழுரையைவிட அவரைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும்.

காலத்தையும் எழுதுங்கள். 1990ஆம் ஆண்டிலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லாமல், மண்ணெண்ணெய் பொன்போல விற்ற நாட்களில், பரீட்சைக்குப் படிக்கும் அயல்வீட்டுப் பிள்ளையையும் தம் வீட்டு ஜாம் போத்தல் விளக்கின் முன் அமர்த்தியது எத்தனை பெரிய கொடை என்பதை இன்றைய பேரப்பிள்ளைக்கு விளக்காமல் விட்டால் அவருக்குப் புரியாது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கமாக நடந்த அந்த இரவில் உங்கள் தாய் யாருடைய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தார், தென்மராட்சியில் யாருடைய வீட்டுத் தாழ்வாரத்தில் எத்தனை குடும்பத்துக்குச் சேர்த்து உலை வைத்தார் என்பதை அவரோடு நடந்தவர்களிடம் கேட்டறியுங்கள். அவர்களும் முதுமை அடைந்துவிட்டார்கள்.

உதவி பெற்றவரின் மானம்

இந்த வழிகாட்டியில் எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். என் தாயாரின் மலரில், ஒரு பெண்பிள்ளையின் ரியூசன் காசை அவர் ஓராண்டு முழுவதும் கட்டிய செய்தியை எழுதினேன். பெயர் போடவில்லை, ஆனால் "புளியமரத்தடி வீடு" என்று எழுதிவிட்டேன். ஊரில் புளியமரத்தடி வீடு ஒன்றுதான். அந்தக் குடும்பம் 31ஆம் நாள் வந்து, உணவருந்தி, மலரை வாங்கி வாசித்துவிட்டு, சொல்லாமல் எழுந்து போனது. அந்தப் பிள்ளை அன்றைக்கு நல்ல உத்தியோகத்தில் இருந்தவர். நான் அவர்களுடைய வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர்கள் மன்னித்தார்கள். ஆனாலும் அம்மா இருபது ஆண்டுகள் எவருக்கும் சொல்லாமல் காத்த ஒன்றை, அவரைப் புகழ்கிறேன் என்று நானே வெளியில் போட்டேன் என்ற துயரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது. காசு கொடுத்தது, கடன் அடைத்தது, குடும்பச் சண்டையை விலக்கியது, நோயில் பார்த்தது ஆகிய உதவிகளை எழுதும்போது, உதவி பெற்றவரை எந்த அடையாளத்தாலும் காட்டுவதில்லை. ஊரையும் ஆண்டையும்கூடத் தேவையானால் விட்டுவிடுகிறேன். உதவி பெற்றவர் தாமாக முன்வந்து தம் பெயரோடு எழுதித் தர விரும்பினால் மட்டுமே பெயர் வரும். அப்போதும் அச்சுக்குப் போகும் பக்கத்தை அவரிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டி, அவர் வாசித்த பின்னரே சேர்க்கிறேன். பிள்ளைப்பேற்று வீட்டில் உதவியது, கல்யாண வீட்டில் பலகாரம் சுட்டது, செத்த வீட்டில் சமைத்துக் கொடுத்தது போன்றவற்றில் மானப் பிரச்சினை இல்லை. அவற்றைத் தாராளமாக எழுதலாம்.

படங்கள்

இடப்பெயர்வில் பல வீடுகளின் அல்பங்கள் அழிந்துபோயின. அல்பம் தப்பியிருந்தாலும் உதவும் பெண்ணின் படம் அவருடைய அல்பத்தில் அதிகம் இராது. மற்றவர்களின் கல்யாண அல்பத்திலும் சாமத்தியச் சடங்கு அல்பத்திலும், படத்தின் ஓரத்தில், கையில் தட்டத்தோடு, கமராவைப் பாராமல் நின்றுகொண்டிருப்பார். ஆகவே கனடாவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கும் உறவினர்களிடம் "அம்மாவின் படம் இருக்கிறதா?" என்று கேட்காமல், "உங்கள் வீட்டுக் கொண்டாட்டப் படங்களில் அம்மா எங்காவது நிற்கிறாரா என்று பாருங்கள்" என்று கேளுங்கள். கிடைத்த படத்தைத் தொலைபேசியால் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதன் தரம் குறைந்து, அச்சில் மங்கிவிடும். ஸ்கானரில் 300 டிபிஐக்குக் குறையாமல் எடுத்து, மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பில் ஆவணமாகவோ அனுப்பச் சொல்லுங்கள். ஓரத்தில் நிற்கும் படத்தில் அவரை மட்டும் வெட்டி எடுக்கவேண்டாம் என்பது என் எண்ணம். அவர் எங்கே நின்றார் என்பதுதான் அந்தப் படத்தின் செய்தி.

பேரப்பிள்ளைகள்

வெளிநாட்டில் வளர்ந்த பேரப்பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அவர்களுக்காகப் பெற்றோர் எழுதிக் கொடுக்கும் செந்தமிழ்ப் புலம்பலில் பிள்ளையின் குரல் இருக்காது. அம்மம்மாவைப் பற்றியோ அப்பம்மாவைப் பற்றியோ மூன்று நிமிடம் பேசி ஒலிப்பதிவு அனுப்பச் சொல்லி, அதை அப்படியே எழுத்தாக்குங்கள். தடுமாற்றமான தமிழைத் திருத்தவேண்டாம். வேற்று மொழியில் பேசினால் அந்த மொழியிலேயே அச்சிட்டு, கீழே தமிழையும் கொடுக்கலாம்.

அவர் கையளவு

நினைவு மலரில் தோத்திரங்களோடு வீட்டுக்குப் பயன்படும் ஒன்றையும் சேர்ப்பது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். உதவியே வாழ்வாக இருந்தவருடைய மலரில் அவருடைய கைப்பக்குவம் இரண்டு பக்கமாவது வரவேண்டும். சரக்குத் தூளுக்கு மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு என்று பெயர் சொல்லிவிடலாம், அளவுதான் சிக்கல். "ஒரு சிறங்கை", "ஒரு சுண்டு", "கண் மட்டம்" என்றுதான் அவர் சொல்லியிருப்பார். பக்கத்தில் நின்று பழகிய மகளோ மருமகளோ அதே கையளவால் அள்ளி வைக்க, தராசில் நிறுத்து, கிராமில் எழுதி, பக்கத்தில் அவருடைய சொல்லையும் போடுங்கள். நோய் தீர்க்கும் மருந்து என்று உரிமை கோரவேண்டாம். அவர் இப்படிச் செய்து கொடுத்தார் என்று எழுதினால் போதும்.

அச்சகம்

20ஆம் நாளுக்குள் எழுத்துகளும் படங்களும் அச்சகத்தில் இருக்கவேண்டும். நடுவில் மடித்துக் கம்பி அடிக்கும் நூலில் பக்கங்கள் நான்கின் மடங்காக வரவேண்டும் என்பதால், 32 அல்லது 40 பக்கம் என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நீங்கள் யூனிகோட்டில் தட்டச்சு செய்து கொடுத்ததை, பல அச்சகங்கள் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் அமைப்பார்கள். அந்த மாற்றத்தில் கிரந்த எழுத்துகளும் சில கொம்பு எழுத்துகளும் குழம்பக்கூடும். ஆகவே கொடுப்பதற்கு முன் பார்த்த புரூப் போதாது, பக்கமாக அமைத்த பின் காகிதத்தில் எடுத்து மறுபடியும் பார்க்கவேண்டும். தேவாரங்களை ஞாபகத்திலிருந்து தட்டச்சு செய்யாமல் நல்ல பதிப்பு ஒன்றுடன் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பெயர்ப் பக்கங்களை ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் மூலத்தைப் பார்த்துச் சரிபிழை சொல்லவேண்டும். உறவினரின் வெளிநாட்டு முகவரி, தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எதுவும் உள்ளே வரக்கூடாது.

31 நாளுக்குள் முடியாது என்று தெரிந்தால் அவசரப்பட்டு அரைகுறையாக வெளியிடவேண்டாம். அன்றைக்குப் பஞ்சபுராணமும் படமும் கொண்ட நான்கு பக்க மடிப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு, முழு மலரை ஓராண்டு நிறைவில் வரும் ஆட்டைத் திவசத்தில் வெளியிடலாம். தாயை இழந்தவர்கள் விரதமிருக்கும் சித்திரைப் பௌர்ணமி அதற்கு முன் வந்தால், கோயிலில் கஞ்சி வார்க்கும் அந்த நாளும் பொருத்தமானதே.

மலர் வந்த பிறகு

2005ஆம் ஆண்டில் தொடங்கிய, இணையத்தில் இயங்கும் "நூலகம்" எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களோடு இத்தகைய நினைவு மலர்களையும் ஆவணப்படுத்திப் பேணுகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த ஊர் இது. ஒரு பிரதியை அந்த எண்ணிம நூலகத்தில் சேர்ப்பிக்கத் தயங்கவேண்டாம். வம்சாவளியை எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் வைக்கக் குடும்பம் விரும்பாவிட்டால், அதை மட்டும் தனி மடிப்பாக அச்சிட்டு உறவினருக்குக் கொடுக்கலாம்.

பிரதிகளை எண்ணும்போது, 31ஆம் நாள் பந்திக்கு வருவோரை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். நடக்க முடியாதவர்கள், விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டவர்கள், அழைப்புக் கிடைத்தாலும் ஒதுங்கி நிற்பவர்கள் ஆகியோரிடம்தான் உங்கள் தாய் அதிகம் போய்வந்திருப்பார். அவர்களுக்கென்று ஐம்பது பிரதியை முன்னரே எடுத்து வைத்து, அடுத்த வாரத்தில் ஒருவர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். கண் தெரியாதவர்களுக்கு இருந்து வாசித்துக் காட்டுங்கள். நூலின் கடைசியில் இரண்டு பக்கங்களைக் கோடிட்டு வெறுமையாக விட்டிருந்தால், வாசித்து முடிக்கும்போது அவர்கள் சொல்லப்போகும் புதிய ஒன்றை உங்கள் வீட்டுப் பிரதியில் அங்கேயே எழுதிக்கொள்ளலாம். என் வீட்டுப் பிரதியில் அந்த இரண்டு பக்கமும் நிறைந்து, இப்போது பின்னட்டையின் உட்புறத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.